ஆறாத உதட்டுப் புண்

(கரமனையில் நடைபெற்ற மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூத்தவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேச வேண்டும் என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டபோது, பென்ஷன் அல்லது பத்மநாப ஸ்வாமி கோயில் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். "உதட்டுப் புண் பற்றிப் பேசுகிறேன்" என்று சொன்னதும் டெலிபோனில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாமா, வேறே ஏதாவது நல்ல விஷயமா எடுத்துக்கலாமே" என்றார். எனக்கு நேரில் தெரிந்த விஷயம் இதுதான், வேண்டாமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார். அவருக்கு முதல் நன்றி.

நான் டாக்டர் அல்ல என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1969-ல் யூனிவர்ஸிட்டி காலேஜில் தாவரவியல் பி.எஸ்ஸி. முடித்தேன். பிறகு மாநில அரசின் புள்ளிவிவரத் துறையில் சேர்ந்து, ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 2004-ல் ஓய்வு பெற்றேன். ஆகவே நான் சொல்வதில் வைத்தியம் குறைவாகவும் கணக்கு கூடுதலாகவும் இருக்கும். செடிகொடி சமாசாரமும் கொஞ்சம் வரும். அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழி மாதம். காலையில் ஆசமனம் செய்து உதட்டைத் துடைக்கும்போது, கீழ் உதட்டின் இடதுபுறம், உள்ளே திரும்பும் விளிம்பில் ஏதோ சொரசொரவென்று விரலில் தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு சின்ன வெடிப்பு, அதைச் சுற்றி வெளுத்த தோல். வலி கிடையாது. பனிக்காலம், உதடு வெடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். நம் ஊரில் என்ன பெரிய பனி என்று அப்போது யோசிக்கவில்லை!

பிறகு நடந்தது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். ஆத்தில் வெண்ணெய் தடவச் சொன்னாள். மன்னி டெலிபோனில் தேனும் மாசிக்காயும் சொன்னாள். உடம்பு உஷ்ணம் என்று ஒருவர் இளநீர் குடிக்கச் சொன்னார். ராத்திரி பல்லி எச்சமிட்டிருக்கும் என்றும் ஓர் அபிப்பிராயம் வந்தது. ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். பையன் என் வாயைக்கூடப் பார்க்காமல் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தான். தடவினால் நாலு நாள் குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று பின்னால்தான் தெரிந்தது. அடுத்து ஒரு கிளினிக்கில் பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் ஒரு மாதம் சாப்பிட்டேன். இப்படியே ஐந்து மாதம் ஓடிற்று. ஒரு வீட்டின் மாத வரவுசெலவில் பத்து ரூபாய் இடித்தால் திரும்பப் போய்க் கேட்டு வந்தவன் நான். என் உதட்டில் ஐந்து மாதம் இடித்ததைக் கேட்காமல் விட்டேன்.

என் கதையை இங்கே நிறுத்திவிட்டு, உதட்டில் புண் வருவதற்கு என்னென்ன காரணங்கள் உண்டு என்பதைப் பார்க்கலாம். முக்கால்வாசிப் புண்கள் பயப்பட வேண்டாதவை. அதையும் சொன்னால்தான் நியாயம்.

முதலில் கவனிக்க வேண்டியது, புண் உதட்டில் எங்கே இருக்கிறது என்பது. வாயின் இரு ஓரங்களிலும் வெடித்து, சிவந்து, வாயைத் திறந்தால் எரிகிறது என்றால் அது பெரும்பாலும் வாயோரப் புண். நம் வயதில் இது சர்வ சாதாரணம். பல்செட் தேய்ந்தோ, பல் இல்லாமலோ போனால் மேல்தாடையும் கீழ்தாடையும் அதிகமாக நெருங்குகின்றன. ஓரத்தில் மடிப்பு விழுகிறது. மடிப்பில் உமிழ்நீர் தேங்கி ஊற, அங்கே காளான் வகைக் கிருமி குடியேறுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். இரும்புச் சத்துக் குறைவும் பி வைட்டமின் குறைவும் இதற்கு உதவி செய்கின்றன. இங்கே நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி 12 தாவரங்களில் கிடையாது. நமக்குப் பாலும் தயிரும்தான் கதி. அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு பி 12 இன்னும் குறைகிறது. நாக்கு வழவழவென்று சிவந்து எரிகிறது, கால் மரக்கிறது, வாயோரம் வெடிக்கிறது என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் எத்தனை பேர் என்று இப்போது கை தூக்கச் சொல்லப் போவதில்லை.

உதட்டின் வெளி விளிம்பில் முதலில் ஊறல் எடுத்து, மறுநாள் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, உடைந்து, பொருக்குக் கட்டி ஏழு முதல் பத்து நாளில் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து ஜுரமோ வெயிலோ அலைச்சலோ வந்தால் அதே இடத்தில் திரும்ப வருகிறது. இதைத்தான் பல்லி எச்சம் என்கிறோம். பல்லி பாவம். இது ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ். ஒரு தடவை உடம்பில் புகுந்தால் முகத்து நரம்பின் வேரில் ஒளிந்துகொண்டு, சமயம் பார்த்து வெளியே வரும். ஊறல் எடுக்கும்போதே அசைக்ளோவிர் ஆரம்பித்தால் கொஞ்சம் பலன் உண்டு. இது இருக்கும்போது பேரன் பேத்திகளை, முக்கியமாகப் பிறந்த குழந்தைகளை, முத்தமிடவே கூடாது. பெரியவர்களுக்கு நாலு நாள் அவஸ்தையாகப் போவது, பச்சைக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உதட்டின் உள்பக்கம், நடுவில் வெளிர் மஞ்சளும் சுற்றிலும் சிவப்புமாக, குண்டூசித் தலை அளவில் ஆரம்பித்து, ரசம் சாதம் சாப்பிடக்கூட விடாமல் எரிகிறதே, அது சாதாரண வாய்ப்புண். தூக்கமின்மை, மனக்கவலை, பல் கடித்தது என்று பல காரணங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் தானே ஆறும். அடிக்கடி வந்தால் பற்பசையை மாற்றிப் பார்க்கலாம். நுரைக்காகச் சேர்க்கும் பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

உடைந்த பல்லின் கூர்முனை, பல்செட்டின் கம்பி, இரண்டும் ஒரே இடத்தில் உரசி உரசிப் புண்ணாக்கும். உதட்டை நக்கும் பழக்கம், தோலைப் பல்லால் பிய்க்கும் பழக்கம் இவற்றால் வரும் வெடிப்பு தனி. நக்க நக்க இன்னும் காயும். டில்லியிலும் வளைகுடாவிலும் வெளிநாட்டுக் குளிரிலும் இருக்கும் நம் குழந்தைகளுக்கு இது சகஜம். மாங்காயைக் காம்போடு கடித்து, பால் பட்டு உதடு வெந்துபோனவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாதஸ்வரம் வாசிப்பவர்களுக்குச் சீவாளி படும் இடத்தில் புண் வருவது உண்டு. பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையை ஈறோரத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, அந்த இடம் வெள்ளையாக வெந்துபோய் வருபவர்களும் இருக்கிறார்களாம். மாத்திரை விழுங்குவதற்குத்தான்.

மருந்தினால் வரும் புண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் யாரும் ஐந்து மாத்திரைக்குக் குறைவாகச் சாப்பிடுவதாகத் தெரியவில்லை. சல்ஃபா மருந்தோ சில வலி மாத்திரைகளோ சாப்பிட்டால், ஒவ்வொரு தடவையும் உதட்டில் அதே இடத்தில் கறுத்துப் புண்ணாவது ஒரு வகை ஒவ்வாமை. நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நிக்கோராண்டில் சிலருக்கு வாயில் ஆழமான, ஆறாத புண்ணை உண்டாக்கும். மருந்தை மாற்றினால்தான் ஆறும். மூட்டு வாதத்துக்கும் ஸோரியாஸிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. மறதியாகத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் வெந்து, ரத்த அணுக்கள் குறைந்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால், இன்று போனதும் எந்தக் கிழமை என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோக்ளோரோதயஸைடு நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் உதட்டுப் புற்று கூடுதலாகக் காணப்பட்டதாக 2017-ல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அது வெள்ளைத் தோல்காரர்களின் கணக்கு. அதைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

வாய்க்குள் கொப்புளம் வந்து உடைந்து ஆறாமல் இருப்பது, கன்னத்தின் உள்பக்கம் வலை பின்னினாற்போல் வெள்ளைக் கோடுகள் வருவது, இவையெல்லாம் தோல் டாக்டரிடம் போக வேண்டிய சமாசாரங்கள். நம்முடைய யூகத்துக்கு அங்கே வேலை இல்லை.

இனி, பயப்பட வேண்டிய புண்.

எனக்குக் கடைசியில் ஒரு டாக்டர் சொன்ன விதி மிக எளியது. காரணத்தை நீக்கிய பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, மிஞ்சினால் மூன்று வாரத்துக்குள், கண்டிப்பாகக் காட்டிவிட வேண்டும். இதை நமக்குத் தோதாகச் சொல்கிறேன். இரண்டு வாரம் என்பது ஒரு பக்ஷம். ஓர் ஏகாதசிக்குப் பார்த்த புண் அடுத்த ஏகாதசிக்கும் இருந்தால், துவாதசி பாரணை முடிந்ததும் டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான். வலி இல்லையே என்பது சமாதானம் ஆகாது. சாதாரணப் புண் வலிக்கும். கெட்ட புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. விளிம்பு கெட்டியாக இருப்பது, தொட்டால் ரத்தம் வருவது, தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, கீழ் உதடோ முகவாயோ மரத்துப்போவது, தாடைக்கடியில் வலியில்லாத கட்டி, வாயை முன்போல் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்ஷக் கணக்குகூட வேண்டாம், மறுநாளே போகலாம்.

வெளி உதட்டில் வரும் புற்று பெரும்பாலும் கீழ் உதட்டில்தான் வருகிறது. காரணம் வெயில். மேல் உதட்டுக்கு மூக்கின் நிழல் உண்டு. ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளைக்கார விவசாயிகளிடம் இது நிறைய. நமக்குத் தோலில் கறுப்பு நிறமி இருப்பதால் அந்த வகை குறைவு. உதட்டில் வெண்புள்ளி உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் குடை பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் புற்று உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கு என்று வாய்க்குள் வருவது. இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்த கதையில் நம் திருவிதாங்கூருக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கும் நெய்யூர், 1956 வரை நம் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்த டாக்டர் ஸாமர்வெல் பல வருஷம் வேலை பார்த்தது அங்கேதான். அவருக்கு முன்பே, அங்கிருந்த டாக்டர் பெண்டால் 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே திருவிதாங்கூரில் 1,700 புற்று நோயாளிகள் என்று கணக்கு இருக்கிறது. 1933-ல் அதே நெய்யூரிலிருந்து டாக்டர் ஆர் என்பவர் லான்செட்டில், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுபவர்களின் வாய்ப் புற்று என்றே தலைப்பிட்டு எழுதினார். அந்நாளில் திருவிதாங்கூர் முறுக்கான் என்றால் யாழ்ப்பாணப் புகையிலை இல்லாமல் கிடையாது. ஒரு காலத்தில் புகையிலை வியாபாரமே சர்க்காரின் ஏகபோகம், சர் டி. மாதவராவ் திவானாக இருந்த காலத்தில்தான் அது நீங்கிற்று.

ஆகவே புகையிலைதான் குற்றவாளி, நாம் புகையிலை போடுவதில்லை, வெறும் சீவலும் வெற்றிலையும்தானே என்று நம்மில் பலர் நிம்மதியாக இருந்தோம். நானும் அப்படித்தான். இருபத்தெட்டு வயதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை. அதற்குப் பின் சாயங்காலம் வரை ஒரு துண்டுப் பாக்கை இடது கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு ஃபைல் பார்ப்பேன். புள்ளிவிவரத் துறையில் தூக்கம் வராமல் இருக்க வேறு வழி இல்லை. அந்த நிம்மதியை 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு கலைத்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் சேர்த்து வெளியிட்டது. குற்றப்பத்திரிகை வெற்றிலையின் மேல் இல்லை, பாக்கின் மேல்.

தாவரவியல் படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்கக் கூடாது. பாக்கில் அரிகோலின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். சுண்ணாம்பு பட்டால் அது சுறுசுறுப்பாகிறது. லேசான கிறுகிறுப்பு அதனால்தான். வாயிலேயே அது நைட்ரோஸமின் என்ற கெட்ட பொருளாக மாறுகிறது. அதோடு, வாயின் மெல்லிய தோலுக்கு அடியில் நார் வளர்ந்து இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும் நோய்க்கும் பாக்குதான் காரணம். 1952-ல் அந்த நோயை முதலில் விவரித்தபோது, நோயாளிகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்கள். 2022-ல் உலகத்தில் ஏற்பட்ட சுமார் 3,89,800 வாய்ப் புற்றுகளில் சுமார் 1,20,200-க்கு வாயில் போடும் புகையிலையும் பாக்கும் காரணம் என்று பின்னால் கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கேரளத்தில் புகையிலை கலந்த குட்காவை 2012-ல் தடை செய்தார்கள். கல்யாணச் சத்திரத்து வாசலில் தட்டில் வைக்கும் வாசனைப் பாக்கை யாரும் தடை செய்யவில்லை. குழந்தைகள் மிட்டாய் மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்கின்றன.

இனி, நம் திருவனந்தபுரத்தின் பெயரை உலகம் முழுவதும் கொண்டுபோன ஒரு கணக்கு. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் ரீஜனல் கேன்ஸர் சென்டர் 1981-ல் ஆரம்பித்தது, டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் டைரக்டர். அந்த ஸ்தாபனத்தோடு சேர்ந்து டாக்டர் ரெங்கஸ்வாமி சங்கரநாராயணன் தலைமையில் 1996 வாக்கில் ஒரு பெரிய சோதனை தொடங்கிற்று. இந்த ஜில்லாவில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழில் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்ப்பது, ஆறில் வழக்கம்போல் விட்டுவிடுவது, பிறகு இரண்டு பக்கமும் வாய்ப் புற்றுச் சாவுகளை எண்ணுவது. பார்க்கப்போன பக்கம் 96,517 பேர். மறுபக்கம் 95,356 பேர். கருவி என்ன தெரியுமோ? கண்ணும் வெளிச்சமும்தான். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பட்டதாரிகள், என்னைப் போல.

2005-ல் லான்செட்டில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுச் சாவு 34 சதவிகிதம் குறைவு. 2013-ல் வந்த பதினைந்து வருஷக் கணக்கில், அந்தப் பழக்கம் உள்ளவர்களில் நாலு சுற்றும் தவறாமல் வாயைக் காட்டியவர்களிடம் 81 சதவிகிதம் குறைவு. இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு தடவையும் வருபவர்கள் இயல்பாகவே ஜாக்கிரதைக்காரர்கள் அல்லவா! முதல் எண் கெட்டியானது.

ஆனால் என்னைத் தூங்கவிடாத எண் வேறு. 2005 கட்டுரையில், சந்தேகம் என்று சொல்லி டாக்டரிடம் போகச் சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218 பேர். மிச்சம் 1,927 பேர் போகவே இல்லை. வீடு தேடி வந்து, வாயைப் பார்த்து, இன்ன இடத்துக்குப் போங்கள் என்று சொல்லியும் போகவில்லை. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் அந்த ஜாதி.

1997 என்று ஞாபகம். எங்கள் துறையின் கணக்கெடுப்பு ஒன்றை மேற்பார்வை பார்க்க ஒரு பஞ்சாயத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் சின்னப் பெண் ஒருத்தி டார்ச்சோடு ஒரு கிழவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வேலையும் அவள் வேலையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. விசாரித்ததில், அவளும் தாவரவியல்! பேச்சு முடிந்து கிளம்பும்போது, என் உதட்டில் பாக்குக் கறையைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, "சாரும் வாயைக் காட்டலாமே, ஒரு நிமிஷம்தான்" என்றாள். "நான் உங்க பஞ்சாயத்து இல்லே அம்மா, கணக்கு தப்பாயிடும்" என்று ஜோக் அடித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு பாடம் ஏற்கெனவே நடந்திருந்தது. வலியசாலையில் இருந்த என் அத்திம்பேர், அக்காவின் அகத்துக்காரர், வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். 1984-ல் அவருக்கு உதட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தழும்பு. டாக்டர் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொன்னதை அத்திம்பேர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அது முடியட்டும் என்றார். கல்யாணம் நன்றாகவே நடந்தது. அவர் மேல்வேஷ்டியைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு தாரை வார்த்தார். உள்ளே தாடைக்கடியில் கட்டி இருந்தது பின்னால்தான் எங்களுக்குத் தெரியும். 1986 ஆடி மாதம் போய்விட்டார். கத்தி பட்டுப் பரவவில்லை. கத்தி படாமல்தான் பரவிற்று.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது மாதம் பல்செட் விரிசல் விட்டதால் ஒரு பல் டாக்டரிடம் போனேன். உதட்டுக்காகப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். என் பேத்தி வயதுப் பெண். பல்செட்டைக் கையில் வாங்கினவள், அதைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள். உறை போட்ட விரலால் விளிம்பை அழுத்திப் பார்த்தாள். தாடைக்கடியில் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பாக்குப் போடுவீர்களா என்றாள். அங்கேயே நின்றுகொண்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பல்செட் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் அங்கே போங்கள் என்றாள். பல்செட்டுக்குப் பணமும் வாங்கவில்லை.

பயாப்ஸி என்றால் என்னவோ ஏதோ என்று நினைத்திருந்தேன். உதட்டில் மரக்க ஒரு ஊசி. அது ஒன்றுதான் வலி. ஒரு பருப்பு அளவு சதை எடுத்து இரண்டு தையல் போட்டார்கள். பத்து நிமிஷம். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. மூன்று நாள் மோர் சாதம். ரிஸல்ட் வர ஒரு வாரம். அந்த வாரத்தில் ஆத்தில் அவள் என்னைவிடக் குறைவாகத் தூங்கினாள். ரிப்போர்ட்டில் புற்று இல்லை. அதற்கு முந்தின படி. செல்கள் கெட ஆரம்பித்துவிட்டன, நடு அளவு என்று எழுதியிருந்தது. தழும்பு முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். பாக்கை அன்று விட்டேன். நாற்பத்தேழு வருஷப் பழக்கம், முதல் ஒரு மாதம் தலைவலியும் எரிச்சலுமாக வீட்டில் எல்லோரையும் படுத்தினேன். ஏலக்காய், சோம்பு என்று மாற்றிப் பார்த்துத் தேறினேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுகிறேன். அது திரும்ப வரலாம். ஆகவே கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை.

புற்றாகவே இருந்தாலும், உதட்டில் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைத்துவிடுகிறார்கள். கழுத்துக் கட்டிக்குப் பரவின பிறகு அந்தக் கணக்கு வெகுவாக இறங்கிவிடுகிறது.

சாதாரணப் புண்ணுக்கான கவனிப்பு ரொம்பச் சுருக்கம். நக்காதீர்கள், பிய்க்காதீர்கள். வாஸலினோ தேங்காயெண்ணெயோ மெல்லியதாகத் தடவுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஆறும் வரை மிளகாய்ப்பொடியும் கொதிக்கக் கொதிக்கக் காப்பியும் வேண்டாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சுபவர்கள் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளியுங்கள். பெயர் தெரியாத களிம்பைத் தடவாதீர்கள். அது காளானை வளர்க்கும், கெட்ட புண்ணை மூடி மறைக்கும். மாதம் ஒரு நாள் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி முன் நல்ல வெளிச்சத்தில் உதட்டை மேலும் கீழும் புரட்டி, கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி எல்லாம் பாருங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் துணையைப் பார்க்கச் சொல்லலாம். ஐம்பது வருஷ தாம்பத்தியத்தில் ஒருவர் வாயை ஒருவர் பார்ப்பதில் என்ன வெட்கம்!

பேச்சு முடிந்ததும் சில கேள்விகள் வந்தன. முக்கியமான இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு மாமி, "தாம்பூலம் மங்கலப் பொருளாச்சே, சுமங்கலிகளுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா?" என்று கேட்டார். கொடுப்பதற்கும் வாங்கிக்கொள்வதற்கும் எந்தத் தடையும் இல்லை என்றேன். மெல்லுவதற்குத்தான். பிரம்மசாரிக்கும் சந்நியாசிக்கும் தாம்பூலம் கிடையாது, ஏகாதசி விரதத்திலும் கிடையாது என்று நம் பெரியவர்களே வைத்திருக்கிறார்கள். ஆகவே போடாமல் இருப்பது ஒன்றும் சாஸ்திர விரோதம் ஆகாது. மாமி பாதி சமாதானம் ஆனார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கேள்வி இல்லை, கூட்டம் முடிந்த பிறகு தனியாக ஒரு நிமிஷம் வேண்டும் என்றார். முடிந்ததும் ஜன்னலோரம் அழைத்துப் போய் உதட்டை மடித்துக் காட்டினார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "சிவராத்திரிக்கு முன்னாலேர்ந்து" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஆட்டோவோடு நின்றேன். அவர் கிளம்பத் தயாராக இல்லை, குளிக்கவே இல்லை. உட்கார்ந்து காத்திருந்து கூட்டிக்கொண்டு போனேன்.